ஒற்றைச் சாக்ஸில் வந்த பீன்ஸ்

வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில், ஹென்ஷா ஊர் தேவாலயத்தில் சுழல்காற்றில் செத்தவர்களுக்காக மணி அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை, ஆர்டெல்லா ஒரு சட்டி பீன்ஸ் சமைத்துக்கொண்டு டென்னஸி எல்லையைத் தாண்டி அலபாமாவுக்குள் போவாள். அந்த ஊரில் அவளுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. பின் எதற்குப் போகிறாள் என்று யாராவது கேட்டால் அவளுடைய நாத்தனார் நோவலீன்தான் பதில் சொல்வாள். "சாப்பிடறவங்க மூஞ்சியைப் பாக்கறதுக்கு. அண்ணிக்கு அது ஒரு வியாதி."

வியாதிதான். ஆர்டெல்லா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அவர்கள் ஊர் மலைமுகட்டுப் பாதையில் காலையும் மாலையும் போய்வரும்போது எந்த வீட்டுக் கொடியில் புதிதாக ஆண்பிள்ளைச் சட்டை தொங்குகிறது, எந்த வீட்டு நாய் இரண்டு நாளாகக் குரைக்கவில்லை என்பதெல்லாம் அவள் கண்ணில் படும். பட்டால் விடமாட்டாள். ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் அன்றைய சோறு இறங்கும். அவள் புருஷன் ராய் சொல்வான், என் பெண்டாட்டிக்குச் சம்பளம் தருவது பள்ளிக்கூடம், வேலை பார்ப்பது போலீஸுக்கு என்று. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கேள்வியை மட்டும் வாயைத் திறந்து கேட்காமல் பதினோரு வருஷம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

அது வந்து சேர்ந்த விதம் இப்படி. தெற்கே ஒரே பகலில், பல மாநிலங்களில், ஒன்று ஓயுமுன் இன்னொன்றாகச் சுழல்காற்றுகள் இறங்கிக்கொண்டிருந்த நாள் அது. பிள்ளைகளை மத்தியானமே வீடு சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆர்டெல்லா கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர்கள் முகட்டில் இலை அசையவில்லை. தெற்கு வானம் மட்டும் அடிபட்ட தொடை மாதிரி கன்றிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து காகிதம் விழ ஆரம்பித்தது. பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், போட்டோக்கள், கூரைக்குள் அடைக்கும் ரோஸ் நிறப் பஞ்சு, முறுக்கிப் பிழிந்த தகரத் துண்டு ஒன்று. ஒரு காகிதத்தில் ஹென்ஷா தேவாலயத்தின் பெயர் அச்சடித்திருந்தது. ஹென்ஷா ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கிற ஊர்.

வேலிக் கம்பியில் ஒரு சாக்ஸ் மாட்டிக்கொண்டு தொங்கியது. குழந்தையின் சாக்ஸ், அவள் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். வெள்ளை, கணுக்காலில் மஞ்சள் கோடு. வாயை நூல் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு கைப்பிடி பீன்ஸ் விதை. காடை முட்டையின் நிறம், அதன் மேல் கறுப்புத் தெளிப்பு. முகட்டில் பிறந்து வளர்ந்து எத்தனையோ வீட்டு பீன்ஸைச் சாப்பிட்டவள் அவள். இதைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பக்கத்து மாவட்ட நூலகத்தில் மேசைகளைப் போட்டு, வானத்திலிருந்து விழுந்ததை எல்லாம் பரப்பி வைத்தார்கள். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆர்டெல்லா பொறுக்கியதை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். போட்டோக்களை வரிசையாக வைத்தாள். சாக்ஸை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்ட அந்த நேரம், எதிர்மேசையில் ஒருத்தி ஒரு குழந்தைத் தொப்பியை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆர்டெல்லா கைப்பையை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி சாக்ஸை விளக்கடியில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். குதிகாலில் தேய்மானமே இல்லை. அப்படியென்றால் நடக்கத் தொடங்காத குழந்தை. ஹென்ஷாவில் செத்தவர்களில் இரண்டு கைக்குழந்தைகள் உண்டு என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்ததே அவளுக்கு முதல் தடவை.

சாக்ஸை மறைத்து வைக்கலாம், விதையை வைக்க முடியாது. விதை காத்திருக்காது. மே மாதம் சோளத்தோடு சேர்த்து ஊன்றினாள். கொடி சோளத்தட்டை மேல் ஏறி ஊதாப் பூ பூத்தது. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பீன்ஸுக்கும் அதை வைத்துக் காப்பாற்றிய பெண்ணின் பெயர்தான் பெயர். லில்லி சித்தி பீன்ஸ், கிழக்கு முகட்டு பெர்னீஸ் பீன்ஸ். ஒருத்தி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷமானாலும், அவள் பெயர் ஒவ்வொரு ஆவணியிலும் யாருடைய சட்டியிலாவது கொதித்துக்கொண்டிருக்கும். இதற்கு மட்டும் பெயர் இல்லை. வைத்திருந்தவள் யாரோ. அவள் கொதிக்கவேண்டிய சட்டியில் அவள் இல்லை.

அதனால்தான் சட்டியும் கையுமாக ஹென்ஷாவுக்குப் போக ஆரம்பித்தாள். பிள்ளை செத்த ஊரில் போய் பீன்ஸ் யாருடையது என்று விசாரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சமைத்துக் கொண்டுபோய் வைப்போம், தெரிந்தவர்களுக்கு நாக்கு சொல்லும் என்று நினைத்தாள். மணி அடித்து, பெயர்களை வாசித்து முடித்ததும் தேவாலயக் கூடத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஏப்ரலில் கொடியில் காய் ஏது? எல்லாரையும் போல அவளும் கோடையில் பச்சைக்காயை ஒடித்து கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்ததைத்தான் திறந்து கொண்டுபோனாள். மேசைக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். தின்றார்கள். தட்டைத் துடைத்தார்கள். ஒரு முகமும் மாறவில்லை.

போன கோடையில் வண்டு விழுந்து பிஞ்செல்லாம் சல்லடையாகிவிட்டது. புட்டியில் அடைக்க ஒன்றும் தேறவில்லை. கடைசியில் காய்த்தவை கொடியிலேயே காய்ந்து, ஒரே ஒரு ஜாடி விதை மிஞ்சியது. இந்த நேரம் பார்த்துக் கர்பியின் அவசரமும் வந்து சேர்ந்தது. கர்பி பழைய விதைகளைச் சேகரித்து விற்கிறவன், நல்ல பையன், வடக்கத்தியான். சில வருஷங்களுக்கு முன் முதல் தடவை அவள் கொடுத்த விதைக்கு வாய் நிறைய நன்றி சொன்னான். விதைக்கும் செடிக்கும் நன்றி சொன்னால் முளைக்காது என்பது முகட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கு அவன் ஈரமண்ணைக் காரணம் சொன்னான், அவள் மறுக்கவில்லை. இரண்டாம் தடவை பேசாமல் வாங்கிக்கொண்டு போனான், முளைத்தது. இப்போது அவனுடைய விலைப்புத்தகம் அச்சுக்குப் போகிறது. பெயரில்லாத விதையை யாரும் வாங்கமாட்டார்கள் என்று 'ஆர்டெல்லா பீன்ஸ்' என்று எழுதிவிட்டான்.

அடுத்தவள் தாலியை எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அந்தப் பெண்ணின் பெயரை யார் தேடப்போகிறார்கள்? ஞாயிறு வரைக்கும் பொறு என்று அவனிடம் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் அச்சு என்றான்.

சனிக்கிழமை அடுப்படியில் அந்த ஜாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நோவலீன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற ஏதாவது எடுத்துட்டுப் போலாமே அண்ணி. உருளைக்கிழங்கு அவிச்சுப் போட்டா யாரும் வேணாம்னு சொல்லப்போறதில்ல."

"உருளைக்கிழங்கு எனக்கு வானத்துலேந்து விழலடி."

"விதையையும் வேகவெச்சுட்டு நாளைக்கு எதை ஊனுவீங்க?"

ஆர்டெல்லா பாதியை ஜாடியிலேயே விட்டு மூடி, யாராவது கேட்டால் காட்டலாம் என்று காரில் கொண்டுபோய் வைத்தாள். பாதியைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். காய்ந்த பீன்ஸாக அதை அவள் சமைப்பது அதுதான் முதல் தடவை. உப்புப் பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைப் போட்டு இரும்புச் சட்டியில் சிறுதீயில் வைத்தாள். காலையில் மூடியைத் திறந்தபோது குழம்பு கருந்தேன் மாதிரி, காப்பியைவிடக் கறுப்பாக, பளபளவென்று நின்றது. இது என்ன நிறம் என்று நோவலீன் முகம் சுளித்தாள். ஆர்டெல்லாவுக்கோ அந்த நிறத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும், காய்ந்த விதையை வேகவைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறையாவது பார்க்காமல் விட்டோமே என்று இருந்தது.

மணி அந்த வருஷமும் பெயருக்கு ஒன்றாக அடித்தது. கைக்குழந்தைகளின் பெயர்கள் வந்தபோது வழக்கம்போல அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பை மடியில் இருந்தது. அப்புறம் வெர்டி ஹோல்கம் என்று ஒரு பெயர். ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறாள். பாதிரியார் அந்தப் பெயரை எப்போதும் கொஞ்சம் சிரிப்போடுதான் வாசிப்பார். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை உண்டு, கேட்டதில்லை.

கூடத்தில் சாப்பாடு பரப்பியாயிற்று. வறுத்த கோழி, சோளரொட்டி, முட்டைக்கோஸ் கலவை, வாழைப்பழ இனிப்பு. ஆர்டெல்லா எதிர்நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நோவலீன் பக்கத்தில் கோழிக்காலோடு உட்கார்ந்தாள். சட்டியைத் திறந்து பார்த்தவர்கள் நிறத்தைப் பார்த்துவிட்டு மூடினார்கள். ஒரு கிழவர் கரண்டியால் கிளறிவிட்டு நகர்ந்தார்.

"கழனித் தொட்டியா இது, பன்னி மாதிரி கலக்கிட்டுப் போறாரு" என்றாள் நோவலீன், வாயில் கோழியோடு.

அப்புறம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரிய உடம்புக்காரி வந்தாள். மூட்டுவலி போல, மேசையைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள். இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்தவள் அவள்தான், மேவிஸ் என்று கூப்பிடுவார்கள். சட்டியைத் திறந்தாள். மூடி கையிலேயே நின்றது. வரிசை அவளுக்குப் பின்னால் முட்டியது. அவள் சோளரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒரு கரண்டி குழம்பை மட்டும் ஊற்றினாள். தின்னவில்லை. ரொட்டியில் கறுப்பு ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கூடத்தைப் பார்த்துத் திரும்பி, "இத யாரு கொண்டாந்தது?" என்று கேட்டாள்.

கெட்டுப்போய்விட்டதோ என்றுதான் ஆர்டெல்லாவுக்கு முதலில் தோன்றியது. எழுந்து போனாள். நான்தான் என்றாள். விதை எங்கிருந்து வந்தது என்று மேவிஸ் கேட்டாள். அதற்குப் பதில் ஒன்றுதான், அது கைப்பையில் இருந்தது. இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட நேரம் இது. ஆர்டெல்லா கொக்கியைத் திறந்தாள். சாக்ஸை எடுத்து மேசைமேல் வைக்காமல் உள்ளங்கையிலேயே வைத்து நீட்டினாள்.

"காத்து கொண்டாந்தது. எங்க வேலியில. உள்ள இந்த விதை இருந்தது." பிறகு மெதுவாக, "கொழந்தை உங்களுதாங்க?"

"எந்தக் கொழந்தை?"

"இந்தச் சாக்ஸ் போட்டிருந்த கொழந்தை."

மேவிஸ் சாக்ஸைப் பார்த்தாள். ஆர்டெல்லாவைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து ஆர்டெல்லா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை இல்லை, சிரிப்பு. அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாரும் அப்படிச் சிரிக்கிற வழக்கமில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட நீங்க ஒண்ணு. அதுக்குள்ள எந்தக் காலும் போனதே இல்லைங்க."

நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இது. ஹென்ஷாவில் சாக்ஸ் மில்தான் பிழைப்பு. அவள் அம்மா வெர்டி அங்கே ஜோடி சேர்க்கிற மேசையில் முப்பது வருஷம் நின்றவள். குறையுள்ளதையும் ஜோடி கிடைக்காததையும் பை பையாக வீட்டுக்கு எடுத்துப்போக விட்டுவிடுவார்கள். ஊரில் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் குழந்தையே இல்லாத வீட்டில்கூட ஐம்பது குழந்தைச் சாக்ஸ் கிடக்கும். ஆணி போடுவதும் அதில்தான், சோப்புத் துண்டு போடுவதும் அதில்தான், தலைவலிக்குப் பனிக்கட்டி வைப்பதும் அதில்தான். விதைக்குக் கேட்கவே வேண்டாம்.

"எங்க ஊர்ல ஒத்தைச் சாக்ஸைப் பாத்தா வெங்காய விதையா, முள்ளங்கி விதையான்னுதான் கேப்போம்" என்றாள் மேவிஸ். "கொழந்தைய யாரு நெனைச்சா?"

ஆர்டெல்லா உட்கார்ந்தாள். குதிகாலில் தேய்மானம் இல்லாததைக் கண்ணால் பார்த்தவள் அவள். பார்த்தது சரிதான். அதிலிருந்து போன வழிதான் தப்பு. அந்த இரண்டு குழந்தைகளுக்கு மணி அடித்தது அடித்ததுதான், அதில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அவள் பதினோரு வருஷமாகச் சுமந்த மூன்றாவது குழந்தை பிறக்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, மூச்சு வந்தது.

மேவிஸ் இப்போது ரொட்டியைத் தின்றுகொண்டே பேசினாள். காற்று வந்தபோது அவள் மில்லில் வேலையில் இருந்தாள். அம்மா வீட்டில். வீடு இருந்த இடத்தில் மூன்று படிகள் மிஞ்சின. விதை வைத்திருந்த குளிர்பெட்டி இரண்டு மைல் தள்ளி ஒரு குட்டையில் வாயைப் பிளந்து கிடந்தது. அதற்கப்புறம் ஊர் ஊராக விதைச் சந்தைகளில் இந்த பீன்ஸைத் தேடி அலைந்தாளாம். யாரிடமும் இல்லை. எப்படி இருக்கும்?

"எங்கம்மா ஒரு வெதைய யாருக்கும் குடுத்ததில்லீங்க. பெத்த பொண்ணு எனக்கே தரல. ஒரு சட்டி நெறைய சமைச்சுத் தருவா, ஒரு பருக்கை வெதை தரமாட்டா. பாதிரியார் கேட்டதுக்கு, மோட்சத்துல வந்து வாங்கிக்கங்கன்னு சொன்னவ. அவ கையிலேந்து இதப் புடுங்கறதுக்கு அப்படியொரு காத்துதான் வரவேண்டியிருந்தது."

பாதிரியார் ஏன் சிரிப்போடு அந்தப் பெயரை வாசிக்கிறார் என்பதும் ஆர்டெல்லாவுக்கு அப்போது விளங்கியது.

இதன் பெயர் என்ன என்று கேட்டாள். அம்மா 'என்னுது' என்பாள், அவ்வளவுதான் என்றாள் மேவிஸ். இத்தனை வருஷம் பச்சையாக ஒடித்துப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்ததை ஆர்டெல்லா சொன்னாள், கர்பி விஷயத்தையும், நாளைக் காலை அச்சு என்பதையும். சாமான் உங்களுடையது, விற்கலாமா கூடாதா, என்ன பெயர் என்பதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாள். மேவிஸ் கடைசி வாய் ரொட்டியால் தட்டைச் சுற்றித் துடைத்தாள். அம்மா இருந்தால் விடமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"வெர்டின்னு போடச் சொல்லுங்க" என்றாள் கடைசியில். "நாடு பூரா போகட்டும். அம்மா மேலேந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்."

ஆர்டெல்லா காருக்குப் போய் மீதி விதை இருந்த ஜாடியை எடுத்து வந்தாள். மேவிஸ் சாக்ஸின் வாயை இரண்டு விரலால் விரித்துப் பிடிக்க, ஆர்டெல்லா அதில் பாதியைக் கொட்டினாள். நோவலீன் தன் பொத்தானில் தொங்கிய நூலை அறுத்துக் கொடுத்தாள். முடிச்சுப் போட்டுச் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மேவிஸ் வாயைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது. என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்து ஆர்டெல்லா பயந்தேபோனாள். மேவிஸ் வாயை மூடிக்கொண்டாள். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டு,

"உப்பு கம்மி" என்றாள். "அதோட இதப் பச்சையா ஒடிச்சுப் புட்டியில அடைச்சேன்னு சொன்னீங்களே, அந்தப் பாவத்த யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. வருஷா வருஷம் நானும்தான் தின்னிருக்கேன். ஏதோ அசலூர்க்காரி, ருசி தெரியாதவன்னு நெனைச்சுக்குவேன்."

"அடுத்த வருஷம் உப்பு பாத்துப் போடறேன்" என்றாள் ஆர்டெல்லா.

திரும்பி வரும்போது நோவலீன்தான் ஓட்டினாள். முகட்டில் ஏறுமுன் ஆர்டெல்லா கர்பிக்குப் போன் போட்டு, தன் பெயரை அடித்துவிட்டு வெர்டி ஹோல்கம் என்று எழுதச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டாள். அவன் நன்றி என்று தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள்.  காலியான கைப்பையை ஒருமுறை திறந்து பார்த்து மூடினாள்.

"சரி, வியாதி தீந்துது. இனிமே ஹென்ஷாவுல நமக்கு வேலையில்ல" என்றாள் நோவலீன்.

"ஏன் இல்ல?" ஆர்டெல்லா அவள் பக்கம் திரும்பினாள். "குறையிருந்தாலோ ஜோடி இல்லேன்னாலோ கழிச்சிடுவாங்கன்னு சொன்னாளேடி. பதினோரு வருஷமா அந்தச் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கேன். ஒரு குறையும் கண்ணுல படல. அப்போ கண்ணுக்குத் தெரியாத குறையா, ஜோடி இல்லாததான்னு அவகிட்ட கேக்காம வந்துட்டேன் பாரு."